தவிர்க்கவும்!

'அறுபதைத் தாண்டியவர்களுக்கு...' என்று தலைப்புப் போட்ட எந்த ஆரோக்கியப் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளிதழ் இணைப்பாக இருக்கலாம், காலை நேர டி.வி. நிகழ்ச்சியாக இருக்கலாம், பொங்கல் மலரில் வந்த டயட்டீஷியன் பேட்டியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசி வார்த்தையை மட்டும் கவனியுங்கள். தவிர்க்கவும். குறைக்கவும். கூடாது. ஆகாது. மறுபடியும், தவிர்க்கவும்!

உப்பு, சர்க்கரை, எண்ணெய், ஊறுகாய், அப்பளம்... சரி, ஒப்புக்கொள்ளலாம். அப்புறம் முட்டையின் மஞ்சள் கரு. பருப்பு வாயு. கிழங்கும் வாயு. கடலை பித்தம். வாழைப்பழம் சளி. தயிர் ராத்திரியில் ஆகாது. பால் கொழுப்பு. அரிசி சர்க்கரை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால், கடைசியில் மிஞ்சுவது ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி, ரெண்டு துண்டு பப்பாளி, குடிக்க வெந்நீர். இதற்குப் பெயர் ஆரோக்கிய உணவு!

இந்தப் பக்கங்களை யாரும் விமரிசனம் செய்வதில்லை. சினிமாவுக்கு விமரிசனம் உண்டு, நாவலுக்கு உண்டு. ஆனால் வாசகர் கத்தரித்து எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, வருடக்கணக்கில் அதன்படி நடப்பது இந்தப் பக்கத்தைத்தான். மோசமான சினிமா மூன்று மணி நேரத்தைக் கெடுக்கும். மோசமான உணவுக் குறிப்பு ஆளையே கெடுக்கும்.

அடிப்படைக் கோளாறு என்னவென்றால், இந்தக் குறிப்புகள் மனதில் வைத்திருக்கும் ஆசாமி எழுபது வயதுக்காரரே இல்லை. தொப்பை விழுந்த நாற்பத்தைந்து வயது ஆபீஸர். அவருக்கு 'குறைக்கவும்' பொருந்தும். நடுவயதுக்கு எழுதிய அதே சீட்டில் வயதை மட்டும் திருத்தி, அவருடைய அம்மாவிடம் நீட்டுகிறார்கள். அந்த அம்மாவின் எடையோ நாற்பத்தி ரெண்டு கிலோ.

இது கற்பனை இல்லை. 2017-18ல் இந்தியா முழுக்க முதுமையைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 'லாசி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட எழுபதாயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பார்த்துப் பேசி, எடை போட்டு, உயரம் அளந்தார்கள். அறுபதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தேவையான எடை இல்லாதவர்கள். கூடுதல் எடை உள்ளவர்கள் அதைவிடக் குறைவு. அதாவது, 'குறைக்கவும்' கேட்க வேண்டியவர்களைவிட 'கூட்டவும்' கேட்க வேண்டியவர்கள் அதிகம். பிந்தியவர்களுக்கு யாராவது பத்தி எழுதுகிறார்களா?

வயதானால் உடம்பில் முதலில் கரைவது தசை. வலிக்காது, காய்ச்சல் வராது, ரத்தப் பரிசோதனையில் தெரியாது. 1980களின் கடைசியில் இர்வின் ரோஸன்பெர்க் என்ற அமெரிக்க நிபுணர்தான் இதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று சொல்லி, 'சார்கோபீனியா' என்று வைத்தார். கிரேக்கத்தில் 'சதை இழப்பு' என்று அர்த்தம். நம் ஊரில் இதற்குப் பெயர் 'வயசாயிடுச்சுல்ல!'

நாற்காலியிலிருந்து எழ கைப்பிடியை ஊன்றுகிறார். பஸ் படிக்கட்டைப் பார்த்துத் தயங்குகிறார். ஒருநாள் பாத்ரூமில் கால் தடுமாறும்போது, உடம்பைப் பிடித்து நிறுத்தத் தொடையில் வலு இல்லை. இடுப்பு எலும்பு முறிகிறது. படுக்கையில் கிடக்கும் நாட்களில் மிச்சத் தசையும் கரைகிறது. 'வழுக்கி விழுந்துட்டார், அதோட போச்சு' என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் சொல்கிறோம். வழுக்கல் ஆரம்பித்தது பல வருடம் முன்பு, சாப்பாட்டுத் தட்டில்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். பக்கத்தில் ஓர் ஆள் துணைக்கு நிற்கட்டும். 15 விநாடிக்கு மேல் ஆனால் தசை வலு போதவில்லை என்று சந்தேகப்படலாம் என்கிறார்கள் ஐரோப்பிய நிபுணர்கள். சர்க்கரை அளவு, பி.பி. அளவு தெரிந்த பல பேருக்கு இந்த நம்பர் தெரியாது.

தசைக்கு வேண்டியது ரெண்டு. கொஞ்சம் பளு தூக்கும் பயிற்சி, போதுமான புரதம். வாக்கிங் நல்லதுதான். ஆனால் அது மட்டும் பத்தாது. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு தினம் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று 2013ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு சொன்னது. இளைஞர்களுக்கான அளவைவிட இது அதிகம். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் கூட்டக் கூடாது.)

ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு 55 கிராமாவது வேண்டும். தட்டைப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி, தோராயமாக 6 கிராம். மதியம் ஒரு கப் சாதம், தண்ணீர் சாம்பார், ரசம், மோர், ஒரு கரண்டி பொரியல்... தாராளமாகப் போட்டால் 12. ரெண்டு வேளை காபியில் உள்ள பாலுக்கு 4. ராத்திரி 'எனக்குப் பசியில்லம்மா' என்று ஒரு தம்ளர் கஞ்சி, 3. மொத்தம் 25. பாதிகூட இல்லை. இவரைத்தான் 'பருப்பைத் தவிர்க்கவும்' என்கிறது பத்திரிகைக் குறிப்பு.

முட்டை விஷயத்துக்கு வருவோம். தினம் 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் சாப்பிடக் கூடாது என்று அமெரிக்க உணவு வழிகாட்டியில் ரொம்ப காலம் ஒரு வரி இருந்தது. நம் ஊர்ப் பக்கங்களில் மஞ்சள் கரு குற்றவாளி ஆனது அந்தக் காலத்தில்தான். 2015ல் வந்த பதிப்பிலேயே அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். செய்தி இன்னும் நம் இணைப்பிதழ்களுக்கு வந்து சேரவில்லை! முட்டையில் உள்ள ஆறு கிராம் புரதத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. டி, பி12 வைட்டமின்களும் அதிலேதான். இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை சாப்பிடலாம் என்று தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். எல்லாத் தாத்தாக்களுக்கும் சேர்த்து மஞ்சள் கருவைக் குப்பையில் போடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

பி12 என்றதும் இன்னொன்று. இது காய்கறியில் கிடையாது. அசைவம் சாப்பிடாதவர்களுக்குப் பால், தயிர்தான் வழி. வயதானால் வயிற்றில் அமிலம் குறைந்து, உணவில் இருக்கும் பி12கூட சரியாகச் சேராது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு அது இன்னும் குறையலாம். கால் மரத்துப்போகிறது, மறதி வருகிறது, நடை தள்ளாடுகிறது. வீட்டில் எல்லோரும் 'வயசாயிடுச்சுல்ல!' இப்படிப்பட்டவரிடம் 'பால் வேண்டாம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது வெறும் அறியாமை இல்லை, ஆபத்து.

இதற்கு நேர் எதிர்க் கட்சி ஒன்று உண்டு. பாரம்பரியக் கட்சி. 'நம் முன்னோர்கள் கம்பும் கேழ்வரகும் சாப்பிட்டு நூறு வயது வாழ்ந்தார்கள்' என்று ஆரம்பிக்கும். சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருடம். நூறு வயது வாழ்ந்த பாட்டிதான் நம் ஞாபகத்தில் இருக்கிறாள். முப்பதில் போன அவள் தங்கைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கேழ்வரகில் கால்சியம் ஏராளம், அதில் சந்தேகமில்லை. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. அரிசி பக்கத்தில்கூட வராது. ஆனால் அரிசியை நிறுத்தி அதே அளவு சிறுதானியம் சாப்பிட்டால் சர்க்கரை ஓடிவிடும் என்பது வேறு கதை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆதரவில், சென்னை நிபுணர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று 2025ல் வெளியானது. நம் ஆட்களுக்குக் கிடைக்கும் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறையவில்லை. மாவுச்சத்தில் கொஞ்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் போன்ற புரதத்தை வைத்தவர்களுக்குக் குறைந்திருந்தது. 'எதைத் தவிர்க்க' என்பதோடு நிறுத்தாமல் 'அந்த இடத்தில் எதை வைக்க' என்று சொன்ன ஆய்வு அது.

ஒழுங்கான உணவுக் குறிப்பே நம் நாட்டில் இல்லையா? இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைத் திருத்தி வெளியிட்டது. பதினேழு அறிவுரைகள். முதியவர்களுக்குச் சத்துள்ள உணவைச் சேர்க்கச் சொல்லி அதில் தனியாகவே ஒன்று உண்டு. கவனியுங்கள்... 'சேர்க்க'!

அந்த நிறுவனம் நமக்கு அந்நியமும் அல்ல. 1918ல் குன்னூரில், ஒரே அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ஆரம்பித்தது. 1958ல்தான் ஹைதராபாத் போனது. அதன் இயக்குநராகப் பல வருடம் இருந்து, இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை நாடறியச் செய்த டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். 2019ல், நூறு வயதில் காலமானார்.

ஆனால் இந்த நல்ல புத்தகத்தின் மேலும் எனக்குப் புகார் உண்டு. 2,000 கலோரி தட்டுக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை, 300 மில்லி பால், 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 35 கிராம் கொட்டை வகை என்கிறது. எல்லாம் சரி. எந்தப் பாட்டி தராசு வைத்துக்கொண்டு சமைக்கிறார்? கைப்பிடியில், கரண்டியில், தம்ளரில் சொல்ல வேண்டாமா? கொட்டை வகை என்றால், பல் இல்லாதவர் என்ன செய்வார்? வேர்க்கடலையைச் சட்னியாக அரைக்கலாம், பொட்டுக்கடலையைப் பொடியாக்கி இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம், சுண்டலைக் குழைய வேகவைத்து மசிக்கலாம். நாலு வரி போதும். அந்த நாலு வரியை எழுத வேண்டியது பத்திரிகைப் பக்கங்கள்தான். அவைதான் 'தவிர்க்கவும்' எழுதுவதில் மும்முரமாக இருக்கின்றனவே!

அதே புத்தகம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்கிறது. இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கிறது. டிபன் முடிந்த கையோடு டிகிரி காபி குடிப்பவர்களுக்கு இது கசக்கும். ஆனால் பாருங்கள், காபியை நிறுத்தச் சொல்லவில்லை. நேரத்தைத் தள்ளிப் போடச் சொல்கிறது. நல்ல அறிவுரைக்கு லட்சணம் இதுதான். ஆளின் சந்தோஷத்தைப் பிடுங்காமல் வேலையை முடிக்கும்.

கடைசியாகக் காசு. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962லிருந்து உண்டு. 2023ல் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். முட்டை ஆறு ரூபாய், கால் லிட்டர் பால் பதினோரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, தினம் ஒரு முட்டைக்கும் கால் லிட்டர் பாலுக்கும் மாதம் 510 ரூபாய். மீதியில் மருந்து, மளிகை, கரண்ட் பில், பேரனுக்கு மிட்டாய். 'பாதாம், அவகாடோ சேர்த்துக்கொள்ளலாம்' என்று எழுதுகிற டயட்டீஷியன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். 1983லேயே சத்துணவு மையங்களில் உதவித்தொகை பெறும் முதியவர்களுக்கும் சாப்பாடு போட ஆரம்பித்த மாநிலம் இது. 2010ல் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து முட்டை என்று முடிவெடுத்த மாநிலமும் இதுவே. பெரியவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்றும் யோசிக்கலாம், தப்பில்லை.

அதுவரை நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஊருக்குப் போன் செய்தால் முதலில் நாம் கேட்பது, 'சாப்டாச்சாம்மா?' அந்தப் பக்கமிருந்து 'ஆச்சுப்பா' என்று பதில் வரும். உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம். போகாதீர்கள். 'என்ன சாப்ட்டீங்க?' என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். 'ரசஞ்சாதம்' என்றால் விடாதீர்கள். 'கூட?' என்று கேளுங்கள்.