உருப்படியும் சபையும்

கச்சேரி முடிந்து செருப்பைத் தேடும் இடத்தில் நடக்கிற விமர்சனத்துக்குப் பத்திரிகை விமர்சனம் எதுவும் ஈடாகாது. "என்ன ஓய், பாட்டுத் தேர்வே சரியில்லையே இன்னிக்கு" என்பார் ஒருவர். "தேர்வு என்ன பண்ணும், சபையே தூங்கிண்டிருந்தது" என்பார் இன்னொருவர். கர்நாடக சங்கீதத்தில் இந்த வழக்கு முடிந்தபாடில்லை. ஒவ்வொரு பாணிக்காரரும் இதற்குத் தம் பாட்டாலேயே ஒரு பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதுதான் சுவாரசியம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டுத் தேர்வுதான் பெரிது. ஆனால் அந்தத் தேர்வு மேடையில், சபையின் முகத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும். வீட்டில் எழுதி மடித்துக்கொண்டு வரும் பட்டியலை நான் தேர்வு என்று ஒப்புக்கொள்வதில்லை.

இதில் எல்லோரும் கைகாட்டும் இடம் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). அவருக்கு முந்தைய தலைமுறையில் ராகமும் பல்லவியும்தான் கச்சேரி. ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரிப்பதும், பல்லவியில் லய வித்தை காட்டுவதும் பெருமையாக இருந்தன. கீர்த்தனைகள் எண்ணிக்கையில் குறைவு. சமஸ்தானத்திலும் மிராசுதார் வீட்டுக் கல்யாணத்திலும் அது செல்லும். ராத்திரி முழுக்க நேரம் இருந்தது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் வித்வான்கள். சென்னையில் சபாக்கள் முளைத்து, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆபீஸ் குமாஸ்தாவும் வக்கீலும் வந்து உட்கார்ந்தபோது அந்தப் பழைய அளவுகோல் உதவவில்லை.

ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரின் சிஷ்யரான அரியக்குடி, வர்ணத்தில் தொடங்கினார். குரல் பதமாகும், தாமதமாக வருகிறவர்களும் இடம் பிடித்துக்கொள்வார்கள். அடுத்து மத்தியம காலத்தில் விறுவிறுப்பாக இரண்டு மூன்று கீர்த்தனைகள். ஆலாபனை அளவாக, ராகத்தின் முகம் தெரிகிற மாதிரி. நடுவில் கனமான ராகம் ஒன்று, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம். பல்லவி உண்டு, கச்சிதமாக. அதற்குப் பிறகு பதம், ஜாவளி, திருப்புகழ், தில்லானா, அவரே மெட்டமைத்த திருப்பாவைப் பாசுரங்கள் என்று சில்லறை உருப்படிகள். இன்று அரங்கேற்றக் கச்சேரி செய்கிற பதினான்கு வயதுப் பிள்ளையும் இந்தப் பாதையில்தான் நடக்கிறது.

இதைக் கூட்டத்துக்காகச் சங்கீதத்தை எளிமையாக்கிய வேலை என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. சபைக்கு எந்த நிமிஷத்தில் அலுப்புத் தட்டும், எப்போது அது கனமான ராகத்தைத் தாங்கத் தயாராக இருக்கும் என்பதைக் கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை உருப்படிகளின் வரிசைக்குள்ளேயே வைத்துவிட்டார். சபையின் பொறுமை அவர் கச்சேரியில் ஒரு பக்கவாத்தியம்.

அந்த வரிசையை ஒட்டி எழுதாத சட்டங்கள் சில வளர்ந்தன. பைரவியை விஸ்தாரமாகப் பாடிவிட்டு உடனே முகாரியைத் தொடாதே. சுத்த மத்தியம ராகங்கள் இரண்டு மூன்று போனால் பிரதி மத்தியமம் ஒன்று வரட்டும். ஆதி தாளத்துக்குப் பின் ரூபகமோ சாபுவோ போடு. சௌக்கமான கிருதிக்கு இருபுறமும் வேகமானது நிற்கட்டும். பரீட்சை வைத்து யாரும் மதிப்பெண் போடுவதில்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் இருக்கும் மாமாவுக்கு இது அத்தனையும் தெரியும். இரண்டு ராகம் ஒரே சாயலில் அடுத்தடுத்து வந்தால் அவர் பக்கத்து நாற்காலிக்காரரைத் திரும்பிப் பார்ப்பார். வித்வானுக்கு அந்தப் பார்வையே போதும்.

மேடையில் இந்தத் தேர்வு நடக்கும் விதத்தைக் கிட்டத்தில் உட்கார்ந்தால் பார்க்கலாம். கைதட்டல் ஓயும் சில விநாடிகளில் பாடகர் தம்பூராவின் சுருதியில் காதை வைத்தபடி சபையை ஒரு நோட்டம் விடுவார். வயலின்காரர் பக்கம் லேசாகச் சாய்ந்து ராகத்தின் பெயரை முணுமுணுப்பார். மிருதங்கக்காரர் புருவத்தை உயர்த்துவார். பாடகர் தொடையில் விரலால் தட்டி எடுப்பைக் காட்டுவார். அவ்வளவுதான் ஆலோசனை. முதல் பிடியிலேயே சபையில் "காபி... காபி..." என்று காற்றுப்போல ஒரு சலசலப்பு ஓடினால் அந்தத் தேர்வு பலித்துவிட்டது.

அரியக்குடிக்கு நேர் எதிரே உட்கார வைக்க வேண்டியவர் வீணை தனம்மாள். 1938இல் மறைந்த அவருடைய வெள்ளிக்கிழமைக் கச்சேரிகள் சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டிலேயே நடந்தன. சின்ன இடம், சொற்பம் பேர், அவர்களில் பலர் பெரிய வித்வான்கள். மீட்டுக்கூடு போடாமல் வெறும் விரலால் மீட்டுவார். நாதம் அத்தனை மெல்லியது. தும்முவதற்குக்கூட வந்தவர்கள் பயந்தார்கள் என்பார்கள். அங்கே 'பலே'யும் 'சபாஷு'ம் சபையின் தெம்பு ஆகாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் தெம்பு. க்ஷேத்ரக்ஞர் பதத்தை அதன் முழு சௌக்கத்தில் வாசிக்க வேறு எந்தச் சபையில் முடியும்? அதே பதத்தை இரண்டாயிரம் பேர் நிறைந்த பந்தலில், பக்கோடா வாசனைக்கு நடுவே வாசித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். உருப்படி அதேதான், சபை மாறினால் அது பிழைக்காது. என் கட்சிக்கு எதிரான பலமான சாட்சி இது, மறைக்க விரும்பவில்லை.

தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அந்தச் சொத்தை அப்படியே காப்பாற்றினார்கள். அவர்கள் கச்சேரிக்குக் கூட்டம் முண்டியடித்ததில்லை. ஆனால் ராம்நாட் கிருஷ்ணன் போன்ற பாடகர்கள் பிருந்தாவிடம் போய்ப் பதம் பாடம் பண்ணிக்கொண்டார்கள். சபை சின்னதாக இருந்தாலும் அதன் கை நீளமாக இருந்தது. எம்.டி. ராமநாதனுக்கும் (1923–1984) ஏறக்குறைய இதே கதை. கீழ் ஸ்தாயியில், யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல் அவர் பாடத் தொடங்கினால் சிலர் எழுந்துபோனார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் கடைசிவரை அவரை விடவில்லை.

மதுரை மணி ஐயர் (1912–1968) விஷயம் வேறு. அவர் பட்டியலில் புதுமை தேடினால் ஏமாந்துபோவோம். "காணக் கண் கோடி வேண்டும்", "எப்போ வருவாரோ", "வெள்ளைத் தாமரை", ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்துக் கொடுத்த அந்த இங்கிலீஷ் நோட்டு என்று பழகின முகங்களே திரும்பத் திரும்ப வரும். நோட்டு இல்லாமல் ஜனங்கள் அவரை மேடையைவிட்டு இறங்க விட்டதில்லை. பந்தலுக்கு வெளியே தெருவில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டவர்களுக்கும் அடுத்த பாட்டு என்னவென்று தெரியும்; தெரிந்துதான் நின்றார்கள். சர்வலகுவில் அவர் ஸ்வரம் கோக்கும்போது தாளம் தெரியாதவர் கையும் தானாகத் தட்டும். ஆகவே சபைதான் பெரிது, உருப்படி எதுவானால் என்ன என்று இதைக் காட்டி வாதாடுவார்கள். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். தன் குரலுக்கும் தன் ஸ்வர ஓட்டத்துக்கும் எது பொருந்தும் என்று பொறுக்கி, பொருந்தாததை வாழ்நாள் முழுக்க ஒதுக்கி வைத்தாரே, அதைவிடக் கறாரான தேர்வு ஒன்று உண்டா?

சபையை முற்றிலும் மறந்து உருப்படியை மட்டும் பிடித்துக்கொள்ளும் மரபு ஒன்று இருக்கிறது: கோயில் நாகஸ்வரம். சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி வாசித்துத்தான் தொடங்க வேண்டும். தளிகைக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, தேருக்கு ஒன்று. நாயனக்காரருக்கு அங்கே தேர்வு கிடையாது; சடங்குதான் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் வீதியில் திரும்பியதும் கதை மாறுகிறது. சுவாமி நின்றால் ராகம் விரியும், ஜனம் சுற்றிக்கொண்டால் இன்னும் விரியும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இப்படிப்பட்ட ராத்திரிகளில் வளர்ந்த தோடிதான். எழுந்துபோகச் சுதந்திரம் உள்ள கூட்டம் அது. நாற்காலி இல்லை, டிக்கெட் இல்லை, நடந்து போய்விடலாம். போகாமல் விடியவிடிய நின்றார்கள்.

திருவையாறு தியாகராஜ ஆராதனையில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று பஞ்சரத்தினத்தின் வரிசை ஒருநாளும் மாறாது. கேட்கிறவனும் பாடுகிறவனும் அங்கே ஒருவனே என்பதால் நம் வழக்குக்கே இடமில்லை. பஜனை சம்பிரதாயமும் அப்படித்தான். மேடையே சபையான இன்னொரு வகைக்காகக் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையைப் பற்றி (1889–1934) ஒரு வரியாவது சொல்ல வேண்டும். கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று லயக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்த அவருடைய 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரியில் மேடைக்குள்ளேயே ஒரு சபை இருந்தது. எதிரே இருந்தவர்கள் அந்தப் போட்டியை வேடிக்கை பார்த்தார்கள்.

பாட்டுத் தேர்வு ஊர்ச் சண்டையாகவே மாறிய காலமும் உண்டு. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசைக்காக எழுந்த குரலும், 1943இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய தமிழிசைச் சங்கமும் கேட்டது இதைத்தான்: தமிழ்ப் பாட்டைக் கடைசி அரைமணி நேரத் துக்கடாவாகத் தள்ளிவிட்டால், அர்த்தம் புரியாமல் சபை எப்படி உருகும்? எதிர்த்தரப்பு, சங்கீதத்துக்கு ராகமே பாஷை என்றது. எழுத்தாளர் கல்கி தமிழிசைப் பக்கம் நின்று எழுதித் தள்ளினார். தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் மேடையில் பாடியே வாதத்தை நடத்தினார்கள். மொழிப்பற்று ஒருபுறம் இருக்கட்டும். வரிசையில் ஒரு பாட்டு எங்கே நிற்கிறது என்பதே அதன் கௌரவம் என்பதை அந்தச் சண்டை எல்லோருக்கும் உறைக்கவைத்தது. ஒன்பதாவது உருப்படியாக ஐந்து நிமிஷம் பாடினால் அது துக்கடா. அதையே ராகம், நிரவல், ஸ்வரத்தோடு நடுவில் வைத்தால் அது மெயின்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் கச்சேரிகளில் தேர்வுக்கென்றே தனி மனிதர் இருந்தார். பட்டியலைப் போட்டவர் கணவர் சதாசிவம். போட்டதோடு விடாமல் முன் வரிசையில் உட்கார்ந்து, சபையின் நாடி பார்த்து, எதை நீட்டுவது எதைச் சுருக்குவது என்று சைகை காட்டுவார். பாடுகிறவர் சுருதியோடு இருக்க, சபையைப் படிக்கும் வேலை கீழே இருந்தவர் பொறுப்பு. இந்த ஏற்பாட்டைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு இது அரியக்குடி ஒருவராகச் செய்ததை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டதாகவே தோன்றுகிறது.

இன்றைய சென்னை மார்கழி சீசனுக்கு வருவோம். இரண்டு இரண்டரை மணி நேர ஸ்லாட், பின்னாலேயே அடுத்த கச்சேரி. வித்வானின் கைபேசியில் பட்டியல் முன்கூட்டியே தயார். சென்ற வாரம் இன்னொரு சபாவில் பாடியது திரும்ப வரக்கூடாது என்ற கவலை வேறு. இணையத்தில் எல்லாம் பதிவாகிறதே. குறைப்பு முடிந்து கோர்வை விழுந்ததும் கைதட்டல் இடிபோல வருகிறது, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிச் சபை கேன்டீனுக்குக் கிளம்புகிறது. கைதட்டின கையும் தோசை பிட்ட கையும் ஒன்றே. இதைச் சபையின் உற்சாகம் என்று கணக்கில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் ஒரு கட்டத்தில் மைக்கே வேண்டாம் என்று நின்றார். பிடிவாதம் என்றார்கள். மைக் இல்லாவிட்டால் சபை தானாகக் காதைத் தீட்டிக்கொள்ளும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

மைக்கை எடுக்கச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. சபாக் காரியதரிசிகளிடம் கேட்க எனக்கு வேறொன்று இருக்கிறது. நாடகத்துக்கும் நாட்டியத்துக்கும் செய்வதுபோல் கச்சேரிக்கும் அரங்கை இருட்டாக்கி, மேடைக்கு மட்டும் விளக்குப் போடும் பழக்கம் பரவிவிட்டது. கண் கூசும் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் பாடகருக்கு எதிரே இருப்பது கறுப்புத் திரை. மூன்றாவது வரிசை மாமா பக்கத்துக்காரரைத் திரும்பிப் பார்த்தாரா, பின்வரிசையில் தாளம் போடுகிறார்களா, பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்க்கிறார்களா, ஒன்றும் தெரியாது. கைபேசிப் பட்டியலை நம்பாமல் அவர் வேறு என்ன செய்வார்? சபையில் விளக்குகளைப் பாதியாவது எரியவிடுங்கள். மின்கட்டணம் கொஞ்சம் கூடும். சபாவின் சீசன் மலரில் இன்னொரு விளம்பரம் பிடித்தால் சரியாகிவிடும்.