திறந்த மூலம், பரவலாக்கம், தனியுரிமை: செய்திச் செயலிகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

கட்டற்ற மென்பொருளைப் பரிந்துரைக்கும் எழுத்துகளில் திறந்த மூலம், பரவலாக்கம், தனியுரிமை என்னும் மூன்று சொற்கள் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. வாட்ஸ்அப்புக்கு மாற்று சிக்னல், டுவிட்டருக்கு மாற்று மாஸ்டடான், குழு உரையாடலுக்கு மேட்ரிக்ஸ் என ஒரு பட்டியல் தரப்படுகிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் மூன்று பண்புகளையும் உடையது என்று வாசகர் எடுத்துக்கொள்கிறார். ஆனால் மூன்றும் தனித்தனிக் கேள்விகள். மூலநிரலைப் பார்க்கவும் மாற்றவும் உரிமை உண்டா என்பது ஒன்று. வழங்கி யார் கையில் இருக்கிறது என்பது இன்னொன்று. செய்தியை யாரால் படிக்க முடியும் என்பது மூன்றாவது. ஒன்றுக்கு ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால் மற்ற இரண்டுக்கும் அதே விடை கிடைத்துவிடாது.

டெலிகிராம் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. அதன் கைபேசிச் செயலிகளின் மூலநிரல் வெளிப்படையாகக் கிடைக்கிறது. வழங்கியின் நிரல் கிடைப்பதில்லை. ‘இரகசிய உரையாடல்’ என்னும் வசதியைத் தனியே தேர்ந்தெடுத்தால் மட்டுமே முனைக்கு முனை மறையாக்கம் உண்டு. அதாவது, அனுப்புபவரின் கருவியில் பூட்டப்படும் செய்தி பெறுபவரின் கருவியில் மட்டுமே திறக்கும். வழக்கமான உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் அது இல்லை. போட்டித் தேர்வுக் குறிப்புகளைப் பகிரும் குழுக்களுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. அங்கேயே குடும்ப விவகாரங்களையும் பேசுபவர்கள் ‘பாதுகாப்பான செயலி’ என்ற பெயரை நம்பிப் பேசுகிறார்கள். மறுபக்கம், மூடிய நிரலைக் கொண்ட வாட்ஸ்அப் 2016 ஏப்ரல் முதல் எல்லா உரையாடல்களுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் தருகிறது. அதற்கு அது பயன்படுத்துவது திறந்த மூலத் திட்டமான சிக்னலின் நெறிமுறையை. செய்தியின் உள்ளடக்கம் மறைந்தாலும் யார் யாருடன் எப்போது பேசினார் என்னும் மீத்தரவு நிறுவனத்திடம் சேர்கிறது என்பதே அங்குள்ள சிக்கல்.

அண்மையில் இவற்றுடன் நான்காவதாக ஒரு சொல்லும் சேர்ந்தது: சுதேசி. 2025 செப்டம்பர் இறுதியில் ஜோஹோவின் அரட்டைச் செயலியில் சில நாள்களிலேயே ஏராளமானோர் சேர்ந்தனர். அப்போது அதில் அழைப்புகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. வழங்கி எந்த நாட்டில் உள்ளது என்பது, அந்த வழங்கியால் செய்தியைப் படிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடையாகாது.

சிக்னலின் வலிமையும் குறையும்

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தபோது இலட்சக்கணக்கானோர் சிக்னலுக்குச் சென்றனர். சில நாள்களிலேயே, ஜனவரி 15 அன்று, சிக்னல் கூட்டம் தாங்காமல் ஏறத்தாழ ஒரு நாள் முடங்கியது. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் மேகக்கணிமைச் சேவை தடைப்பட்டபோதும் அது செயலிழந்தது. நிரல் திறந்திருந்தும் வலையமைப்பு ஓரிடத்தில் குவிந்திருப்பதன் விளைவு இது. வழங்கியின் நிரல் 2020 ஏப்ரல் முதல் ஏறத்தாழ ஓராண்டு பொதுவெளியில் புதுப்பிக்கப்படாமல் இருந்ததும் பலருடைய கண்டனத்துக்கு உள்ளானது. அந்தக் கண்டனம் நியாயமானதே.

இந்தக் குவிப்பு தற்செயலானதன்று. சிக்னலின் நிறுவனர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் 2016-இல் இதற்கு வெளிப்படையாகவே வாதாடினார். பலர் வழங்கி நடத்தும் நெறிமுறைகளில் எல்லோரையும் ஒரே நேரத்தில் புதிய பதிப்புக்கு நகர்த்த முடியாது, அதனால் அவை பழைய நிலையிலேயே உறைந்துவிடுகின்றன என்பது அவர் வாதம். மின்னஞ்சலைப் பார்த்தால் அதை எளிதில் மறுக்க முடியாது. ஆனால் அதே ஆண்டில், கூகுள் சேவைகள் இன்றி இயங்குமாறு சிக்னலின் நிரலிலிருந்து கிளைத்த லிப்ரெசிக்னல் என்னும் செயலி, தம் வழங்கிகளையும் பெயரையும் பயன்படுத்துவதை அவர் ஏற்கவில்லை. உரிமத்தின்படி நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நிரலுக்குப் பயன் தரும் பயனர் கூட்டத்தை எடுத்துக்கொள்ள முடியாது. செய்திச் செயலிகளைப் பொறுத்தவரை திறந்த மூலம் தரும் விடுதலை எவ்வளவு குறுகியது என்பதை இந்த நிகழ்ச்சி காட்டியது.

இவ்வளவு சொன்ன பிறகும் சிக்னலின் பக்கம் ஒரு வலுவான சான்று இருக்கிறது. 2016-இல் அமெரிக்க நீதித்துறை ஆணை ஒன்று பயனர் விவரங்களைக் கேட்டபோது, சிக்னலால் கொடுக்க முடிந்தவை இரண்டே: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். கொடுக்க மறுத்ததால் அல்ல, சேமித்து வைக்காததால் வேறு எதுவும் இல்லை.

அண்டை வீட்டு வழங்கி

இதன் அருகே 2023-இல் நடந்த இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். மாஸ்டடானில் பயனர்கள் ஒரே நிறுவனத்தின் கீழ் இல்லை. ஆயிரக்கணக்கான சிறு வழங்கிகளில் கணக்கு வைத்துக்கொண்டு ஒருவரோடு ஒருவர் உரையாடுகிறார்கள். அவற்றில் ஒன்றான கொலெக்டிவாவின் நிருவாகி ஒருவர் வீட்டில் அந்த ஆண்டு மே மாதம் எஃப்.பி.ஐ. சோதனை நடத்தியது. சோதனை வழங்கி தொடர்பானதன்று. ஆனால் கைப்பற்றப்பட்ட கருவிகளில் வழங்கியின் தரவுத்தளப் படி ஒன்று மறையாக்கம் இன்றி இருந்தது. பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் நேரடிச் செய்திகளும் அதனுடன் போயின. மாஸ்டடானின் நேரடிச் செய்திகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இல்லாததே காரணம்.

மையப்படுத்தப்பட்ட சேவையிடம் கொடுக்க ஒன்றுமில்லை. பரவலாக்கப்பட்ட சேவையிடம் எல்லாம் இருந்தது. பரவலாக்கம் தீயது என்பது இதன் பொருளன்று. நம்பிக்கையைப் பெருநிறுவனத்திடமிருந்து எடுத்து முகம் தெரிந்த ஒருவரிடம் வைப்பதே அது செய்யும் வேலை. நம்பவே தேவையில்லாதபடி செய்வது மறையாக்கத்தின் வேலை. பரிந்துரைக் கட்டுரைகள் இந்த இரண்டையும் குழப்பிவிடுகின்றன.

மேட்ரிக்ஸ் இரண்டையும் சேர்க்க முயல்கிறது. 2014-இல் தொடங்கிய இந்த நெறிமுறையில் தனி உரையாடல்களுக்கு முனைக்கு முனை மறையாக்கம் உண்டு. பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்கான சாப் செயலியை இதன்மேல்தான் கட்டியது. ஆயினும் ஓர் அறையில் எத்தனை வழங்கிகளின் பயனர்கள் இருக்கிறார்களோ அத்தனை வழங்கிகளிலும் அறையின் வரலாறு படியெடுக்கப்படுகிறது. செய்தி பூட்டப்பட்டிருந்தாலும் அறையின் பெயர், உறுப்பினர் பட்டியல், யார் எப்போது எழுதினார் என்பவை அந்த வழங்கிகளுக்குத் தெரியும்.

செலவும் இதில் அடங்கும். சிக்னல் அறக்கட்டளை 2023 நவம்பரில் வெளியிட்ட கணக்கின்படி, பதிவுக்கான குறுஞ்செய்திகளுக்கு மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 60 இலட்சம் டாலர் செலவாகிறது. சிறு வழங்கிக்கு அவ்வளவு பணம் வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது, வட்டு நிறைந்துவிட்டால் நள்ளிரவில் எழுந்து பார்க்கும் ஓர் ஆள். கல்லூரி மாணவர் குழு உற்சாகத்துடன் வழங்கி ஒன்றைத் தொடங்கலாம். தொடங்கியவர்கள் படிப்பு முடித்து வேலைக்குப் போனபின் அதைப் பார்ப்பவர் யார் என்பதே கேள்வி. மாஸ்டடான்.லோல் என்னும் வழங்கி 2023-இல் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான பயனர்கள் மூன்று மாதங்களுக்குள் வேறிடம் தேட வேண்டியிருந்தது.

பரவலாக்கம் எங்கே பயன்படுகிறது

2023 மே மாதத்தில் இந்திய அரசு, சம்மு-காசுமீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துவதாகக் கூறி 14 செயலிகளைத் தடுத்தது. அவற்றில் மேட்ரிக்ஸுக்கான எலிமென்டும், பிரையரும் அடங்கும். இரண்டும் திறந்த மூலச் செயலிகள். ஒரு நிறுவனத்தின் செயலி தடுக்கப்பட்டால் அந்தச் சேவையே தடைப்படும். எலிமென்ட் தடுக்கப்பட்டாலோ, அதே கணக்கை ஃபுளஃபிசாட் போன்ற வேறொரு செயலியில் திறந்து உரையாடலைத் தொடரலாம். பிரையர் இன்னும் ஒருபடி மேலே போய், இணையம் இல்லாத இடத்திலும் புளூடூத், வைஃபை வழியே அருகிலுள்ள கருவிகளை இணைக்கிறது. மாதக்கணக்கில் இணையம் துண்டிக்கப்பட்ட ஒரு பகுதிக்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. பரவலாக்கத்தின் உண்மையான பயன் இதுதான். பேச்சை மறைப்பதைவிட, ஒரே ஆணையால் நிறுத்த முடியாதபடி செய்வதில் அது சிறந்தது.

நிறுத்துவது நிறுவனமாகவும் இருக்கலாம். கூகுள் டாக் 2006-இல் எக்ஸ்எம்பிபி என்னும் திறந்த நெறிமுறை வழியே பிற வழங்கிகளோடு இணைந்தது. பயனர் பெருகியபின், 2013-இல் வந்த ஹேங்அவுட்ஸில் அந்த இணைப்பு இல்லை. கூகுள் கணக்கு வைத்திருந்த நண்பர்களை மற்ற வழங்கிகளில் இருந்தவர்கள் இழந்தனர். ஆனால் அவர்களுடைய சொந்த வழங்கிகள் நிற்கவில்லை. எக்ஸ்எம்பிபி இன்றும் இயங்குகிறது.

இந்தியாவில் கைபேசி எண்ணும் அடையாளமும் பிரிக்க முடியாதவை என்பதால் இன்னொரு வேறுபாடும் இங்கே பெரிதாகிறது. சிக்னல் 2024-இல் பயனர்பெயரை அறிமுகப்படுத்தி, எண்ணை மற்றவர்களிடமிருந்து மறைக்க வழிசெய்தது. ஆனால் கணக்குத் தொடங்க எண் வேண்டும். 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், அரட்டை முதலியவை பதிவுசெய்த சிம் அட்டையோடு தொடர்ந்து பிணைந்தே இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மேட்ரிக்ஸிலும் எக்ஸ்எம்பிபியிலும் கணக்குத் தொடங்க நெறிமுறை அளவில் கைபேசி எண் கட்டாயமில்லை.

எந்தச் செயலியானாலும் அதற்கு முன்னால் விசைப்பலகை இருக்கிறது என்பதையும் பரிந்துரைக் கட்டுரைகள் மறந்துவிடுகின்றன. மறையாக்கம் தொடங்கும் முன்பே ஒவ்வோர் எழுத்தும் அதன் வழியாகச் செல்கிறது. தமிழில் தட்டச்சு செய்ய இண்டிக் கீபோர்டு போன்ற திறந்த மூல விசைப்பலகைகள் உள்ளன. பேச்சிலிருந்து எழுத்தாக்கும் வசதிக்குப் பழகியவர்களுக்கு அவை போதாமல் தோன்றலாம்.

ஆகவே ஒரே செயலியைத் தேடுவது வீண். இருவருக்கிடையே இருக்க வேண்டிய பேச்சுக்கு இன்று சிக்னலே எளிய தெரிவு; அதன் குவிப்பு அந்தப் பயனைக் குறைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் நிலைக்க வேண்டிய வாசகர் வட்டத்துக்கோ மென்பொருள் குழுவுக்கோ மேட்ரிக்ஸ் அல்லது எக்ஸ்எம்பிபி பொருந்தும். அங்கே சேரும் முன் பார்க்க வேண்டியது செயலியின் அழகை அன்று: வழங்கியை நடத்துபவர் எத்தனை பேர், செலவை யார் தருகிறார், தரவுப் படிகள் மறையாக்கம் செய்யப்படுகின்றனவா, மூட நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு தரப்படும் என்பவற்றை. இவற்றைத் தன் முகப்புப் பக்கத்திலேயே எழுதி வைக்கும் வழங்கிகளும் உண்டு, அவற்றிலிருந்து தொடங்கலாம்.