அர்ஜுன் மார்க்-1ஏ: ஆவடி டாங்க் ஜமுனாமரத்தூர் ஏறுமா?

புது வண்டி எது கைக்கு வந்தாலும் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்காருவேன். கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் திணறுகிறதா, இறக்கத்தில் பிரேக் சூடாகிறதா, எதிரே புளி மூட்டை ஏற்றிய மினி லாரி வந்தால் ஒதுங்க இடம் கிடைக்கிறதா என்பதெல்லாம் ஷோரூம் விளம்பரத்தில் இருக்காது. ஜவ்வாது மலைப் பாதையில் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இந்த முறை விமர்சனத்துக்கு எடுத்திருப்பது மலைக்கு ஓட்டிப்போக முடியாத வண்டி: ஆவடியில் பிறந்த அர்ஜுன் டாங்கின் நவீன வடிவமான மார்க்-1ஏ.

ராணுவம் யாருக்கும் டெஸ்ட் டிரைவ் தருவதில்லை. 2018 ஏப்ரலில் கிழக்குக் கடற்கரைச் சாலை திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில் அர்ஜுனைப் பக்கத்தில் நின்று பார்த்தது, பிறகு அரசும் டிஆர்டிஓவும் வெளியிட்ட விவரங்கள், கொஞ்சம் கணக்கு ஆகியவைதான் இந்த விமர்சனத்துக்கு ஆதாரம். சாவி கிடைக்காத குறையை ஈடுகட்ட, ஜவ்வாது மலையை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். டாங்கை மலைக்குக் கொண்டுபோக முடியாவிட்டாலும் மலையை டாங்குக்குக் கொண்டுவரலாம் அல்லவா?

பின்கதை, சுருக்கமாக

அர்ஜுன் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது 1974இல். முதலில் ஒதுக்கிய தொகை 15.5 கோடி ரூபாய். வடிவமைப்பு ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமான சிவிஆர்டிஇ. தயாரிப்பு அதே ஊரின் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965இல் விஜயந்தா டாங்கை வெளியே அனுப்பிய அதே இடம். 124 மார்க்-1 டாங்குகள் தயாராகி, 2004 முதல் இரண்டு ரெஜிமென்ட்களுக்குப் போயின. 2010இல் ராஜஸ்தான் மணலில் ரஷ்ய டி-90உடன் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் அர்ஜுனின் கை ஓங்கியிருந்ததாகச் செய்திகள் வந்தன. 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் நடந்த விழாவில் மார்க்-1ஏவைப் பிரதமர் ராணுவத் தளபதி நரவணேயிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 118 டாங்குகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர். பழைய மாடலைவிட 72 புதிய அம்சங்கள் என்கிறது அரசுக் குறிப்பு.

பக்கத்தில் நின்று பார்த்தால்

படத்தில் தெரிவதைவிட இது அகலமான வண்டி. சுமார் 3.9 மீட்டர். பீரங்கி முன்னே நீட்டியிருக்கும்போது நீளம் 10.6 மீட்டர். ஒவ்வொரு பக்கமும் ஏழு சக்கரங்கள். அவற்றைச் சுற்றி ஓடும் செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ரப்பர் பட்டை பதித்திருக்கிறார்கள். தார்ச்சாலையைக் கடிக்காமல் இருக்கத்தான். விரலால் அழுத்திப் பார்த்தால் லாரி டயரைவிடக் கெட்டி.

பீரங்கிக் குழாயின் நடுவே ஒரு புடைப்பு தெரியும். சுட்ட பிறகு குழாயில் தேங்கும் புகை டாங்குக்குள் வராமல், முன்பக்கமாக உறிஞ்சி வெளியே தள்ளும் அறை அது. டரட் என்கிற சுழலும் மேல்பகுதியின் இரண்டு பக்கமும் புகைக்குண்டுக் குழல்கள். டரட்டிலும் முன்பக்கத்திலும் செங்கல் அடுக்கியதுபோல் தெரியும் பெட்டிகள்தான் மார்க்-1ஏவை மார்க்-1இலிருந்து சட்டென்று பிரித்துக் காட்டும். எதிரியின் குண்டு பட்டதும் இந்தப் பெட்டி வெளிப்பக்கமாக வெடித்து, துளைத்து வரும் உலோகத் தாரையைச் சிதறடிக்கும். அதற்கும் உள்ளே இருப்பது ஹைதராபாத் ஆய்வகம் உருவாக்கிய 'காஞ்சன்' கவசம். முன்னால் கண்ணிவெடிகளைக் கிளறி ஒதுக்கும் கலப்பை.

பீரங்கியும் கண்ணும்

120 மில்லிமீட்டர் பீரங்கி. குழாயின் உட்புறத்தில் திருகு வரி உண்டு. பெரும்பாலான மேற்கத்திய டாங்குகள் வரியில்லாத வழவழப்பான குழாய்க்கு மாறிவிட்டன. திருகு வரியைக் கட்டிக்காத்த பிரிட்டன்கூட சேலஞ்சர்-3இல் விட்டுவிட்டது. அர்ஜுன் இன்னும் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம், சுவரில் அப்பிக்கொண்டு வெடிக்கும் ஹெஷ் வகைக் குண்டு. சுழன்று போனால்தான் அது குறி தப்பாது. பதுங்குகுழியையும் கட்டடத்தையும் உடைக்க அருமையான குண்டு. எதிரி டாங்கைத் துளைக்கும் ஈட்டி போன்ற குண்டுக்கோ சுழற்சியே ஆகாது; சுழற்சியைத் தடுக்க அதன் இடுப்பில் தனி வளையம் மாட்ட வேண்டியிருக்கிறது. குண்டுகளை வெளிச்சந்தையில் வாங்கவும் வழி குறுகிவிடுகிறது. இதை நான் குறை பக்கத்தில்தான் எழுதுவேன்.

அதே குழாய் வழியாக லேசர் வழிகாட்டும் ஏவுகணையையும் அனுப்ப முடியும். 2020 செப்டம்பர் 22 அன்று அகமதுநகர் சோதனைக் களத்தில் அர்ஜுனிலிருந்து ஏவி, 3 கிலோமீட்டர் தூரத்து இலக்கை அடித்தார்கள். 1.5 முதல் 5 கிலோமீட்டர் வரை எட்டக்கூடிய ஏவுகணை அது.

இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் குண்டில் இல்லை, கண்ணில் இருக்கிறது. கமாண்டருக்கென்று டரட்டின் மேலே தனியாகச் சுழலும் பார்வைக் கருவி உண்டு. பழைய மாடலில் அது பகலில் மட்டும்தான் உதவும். மார்க்-1ஏவில் வெப்பத்தைப் படமாக்கும் கேமரா சேர்ந்திருக்கிறது. பீரங்கியை இயக்கும் கன்னர் ஒரு இலக்கைச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே, கமாண்டர் இருட்டில் அடுத்த இலக்கைத் தேடிப்பிடித்து, ஒரு பொத்தானில் கன்னரிடம் ஒப்படைக்கலாம். நகரும் இலக்கைக் கணினியே பின்தொடரும். மேலே உள்ள 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கியையும் இனி தலையை வெளியே நீட்டாமல் உள்ளிருந்தே சுடலாம்.

உள்ளே நான்கு பேர்

டிரைவர் முன்பக்கம் வலதுபுறம். டரட்டுக்குள் கமாண்டர், கன்னர், குண்டு நிரப்புபவர். டி-72, டி-90இல் இந்த நான்காவது ஆள் கிடையாது. குண்டை இயந்திரமே நிரப்பும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த இயந்திரத்தின் குண்டுகள் வீரர்களின் காலடியில் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். கவசம் துளைபட்டால் மொத்தமும் ஒன்றாக வெடித்து டரட்டையே தூக்கி எறிவதை 2022 முதல் உக்ரைன் காட்சிகளில் உலகமே பார்த்தது. அர்ஜுனில் குண்டுகளுக்குத் தனித்தனிக் கதவுள்ள பெட்டிகள். ஆள் கையால் நிரப்புவதால் நீண்ட சண்டையில் வேகம் குறையலாம். ஆனால் வண்டி அடிபட்டாலும் ஆட்கள் பிழைக்க வாய்ப்பு கூடுதல். வண்டியைத் திரும்பச் செய்துகொள்ளலாம், பயிற்சி பெற்ற வீரரைச் செய்ய முடியாது. இந்த இடத்தில் ஆவடிக்கு முழு மதிப்பெண்.

எஞ்சின், எடை, மைலேஜ்

ஜெர்மனியின் எம்டியூ நிறுவனத்தின் 10 சிலிண்டர் டீசல் எஞ்சின், 1,400 ஹெச்பி. கியர்பாக்ஸும் ஜெர்மனியின் ரெங்க் நிறுவனத்துடையது: முன்னுக்கு 4, பின்னுக்கு 2. மார்க்-1இலும் இதே ஜோடிதான். அங்கேதான் சிக்கல். மார்க்-1இன் எடை 58.5 டன், மார்க்-1ஏ சுமார் 68 டன். கவசப் பெட்டி, கலப்பை, புதுக் கருவிகள் என்று 72 அம்சங்களும் சும்மா வரவில்லை, எடையோடு வந்தன. எஞ்சினோ அதேதான். டன்னுக்கு 24 ஹெச்பி இருந்தது 20.6 ஆக இறங்கிவிட்டது. 46.5 டன் எடையும் 1,000 ஹெச்பியும் கொண்ட டி-90க்கு 21.5. சாலையில் உச்ச வேகமும் மணிக்கு 70 கிலோமீட்டரிலிருந்து சுமார் 58க்கு வந்துவிட்டது.

சவாரி சொகுசு மட்டும் குறையவில்லை. டி-90இல் முறுக்குக் கம்பி சஸ்பென்ஷன். இதில் எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்கும் ஹைட்ரோ-நியூமேட்டிக். ஓடிக்கொண்டே சுடும்போது குறி கலையாமல் இருப்பதில் இதன் பங்கு பெரிது.

மைலேஜ் கேட்பவர்களுக்கு: முதல் அர்ஜுனுக்குச் சுமார் 1,600 லிட்டர் டீசலில் 450 கிலோமீட்டர். லிட்டருக்கு 280 மீட்டர். மார்க்-1ஏவுக்கு இதைவிட நல்ல கணக்கை எதிர்பார்க்க வேண்டாம்.

ஜவ்வாது மலைப் பரீட்சை

சரிவு முதலில். மலைச்சாலைகளுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிக்கும் சரிவு வழக்கமாக 100 மீட்டருக்கு 5, 6 மீட்டர் ஏற்றம்; வேறு வழியே இல்லாத இடத்தில் 8. அர்ஜுன் வரிசை ஏறக்கூடியது 100க்கு 60. ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை.

மண் அழுத்தம் அடுத்தது. 58.5 டன் மார்க்-1 தரையில் கொடுக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.85 கிலோ. உங்கள் கார் டயர் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்துகிறது. சாமை விதைத்த கொல்லையில் மழைக்காலத்தில் ஜீப் புதையும் இடத்தையும் செயின் வண்டி தாண்டிப் போவது இதனால்தான்.

பாலம் மூன்றாவது. இங்கே ஒரு சுவாரசியம். நம் நாட்டில் சாலைப் பாலம் கட்டும் எஞ்சினீயர் கணக்குப் போடும் சுமைகளில் 'கிளாஸ் 70ஆர்' என்று ஒன்று உண்டு: 70 டன் எடையுள்ள ஒரு செயின் வண்டி. அதாவது விதிப்படி கட்டிய ஒவ்வொரு பாலத்தின் மேலும் காகிதத்தில் ஒரு டாங்க் ஏற்கெனவே ஓடியிருக்கிறது. மார்க்-1ஏ அந்த எல்லைக்குள் வெறும் 2 டன் இடைவெளியில் நிற்கிறது. புதுப் பாலத்துக்கு இது போதும். மலையோடைகளின் மேல் பழைய நாளில் கட்டிய சிறு பாலங்களை நம்பி 68 டன்னை யாரும் ஏற்ற மாட்டார்கள்.

அகலத்தில்தான் வண்டி தோற்கிறது. ஒருவழித் தார்ச்சாலையின் தர அகலம் 3.75 மீட்டர். அர்ஜுன் அதைவிட அகலம்! ஒரு பக்கச் செயின் மண் ஓரத்தில்தான் ஓட வேண்டும்; அந்த ஓரத்துக்கு வெளியே பள்ளத்தாக்கு. கொண்டை ஊசி வளைவில் இடது செயினை முன்னும் வலது செயினைப் பின்னும் ஓட்டி நின்ற இடத்திலேயே திரும்பலாம் என்றால், ரப்பர் பட்டை இருந்தும் தார் உரிந்து வந்துவிடும். ஆக, ஆவடி டாங்குக்கு ஜமுனாமரத்தூர் ஏறும் பலம் உள்ளது. ஏறுவதற்குப் பாதைதான் இல்லை. ஒரு டாங்கை எடைபோட அதன் பீரங்கியை முதலில் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது எடையையும் அகலத்தையும். அவைதான் அந்தப் பீரங்கி எந்த ஊர் வரை போகும் என்பதை முடிவு செய்கின்றன.

மலைக்கு வேறு வண்டி

மலையில் டாங்கே ஏறாது என்று இதற்கு அர்த்தமில்லை. 1948 நவம்பர் 1 அன்று காஷ்மீரின் ஜோஜிலா கணவாயில், சுமார் 11,500 அடி உயரத்தில், 7வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்குகள் திடீரென்று முளைத்தபோது எதிரிகள் நிலைகுலைந்து போனார்கள். அவை 15 டன் அளவுள்ள சிறிய வண்டிகள். வழியிலிருந்த பலவீனமான பாலங்களுக்காக டரட்டைத் தனியாகக் கழற்றிக் கொண்டுபோய்ப் பிறகு மாட்டினார்கள். கணவாய்ப் பாதையை டாங்குக்கு ஏற்ற அகலமாக்கியது ராணுவப் பொறியாளர் படையான நம் மெட்ராஸ் சாப்பர்ஸ்.

சீனாவுடன் லடாக் எல்லையில் ஏற்பட்ட நெருக்கடிக்குப் பிறகு அந்தப் பாடம் மறுபடி நினைவுக்கு வந்தது. அர்ஜுனை வடிவமைத்த அதே ஆவடி சிவிஆர்டிஇ, எல் அண்ட் டி நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய ஜோராவர் என்ற இலகு டாங்க் 2024 ஜூலையில் வெளியே வந்தது. 25 டன், 105 மில்லிமீட்டர் பீரங்கி, 760 ஹெச்பி, டன்னுக்கு 30. அதே ஆண்டு டிசம்பரில் 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் சுட்டுக் காட்டியது. கவசத்தில் அர்ஜுனுக்கு அருகில்கூட வராது. ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

விலையும் டெலிவரியும்

118 டாங்குக்கு 7,523 கோடி என்றால் ஒன்று சுமார் 64 கோடி. இந்த ஆர்டரால் 200க்கு மேற்பட்ட இந்திய சப்ளையர்களுக்கும் ஏறக்குறைய 8,000 பேருக்கும் வேலை என்றது அரசு. ஆனால் இதயம் ஜெர்மனியில். உற்பத்தி வரிசை நின்றுபோன பழைய எஞ்சினை மீண்டும் செய்து வாங்குவதில் தாமதம் வந்தது. டி-90இன் எஞ்சினை அதே ஆவடியில் ஒரு தொழிற்சாலை செய்துகொண்டிருக்கும்போது, இங்கேயே வடிவமைத்த டாங்க் எஞ்சினுக்காகக் காத்திருப்பது உறுத்துகிறது. உள்நாட்டு 1,500 ஹெச்பி எஞ்சின் 2024 மார்ச் 20 அன்று மைசூரு பெமல் ஆலையில் முதன்முறையாக உயிர்பெற்றது. சோதனைகள் முடிந்து வண்டியில் ஏற இன்னும் காலம் பிடிக்கும்.

தீர்ப்பு

பிடித்தவை: இரவிலும் தேடும் கமாண்டர் பார்வைக் கருவி, ஆட்களைக் காக்கும் குண்டுப் பெட்டிகள், குலுக்காத சஸ்பென்ஷன்.

உறுத்துபவை: சுமார் 10 டன் எடை கூடியும் மாறாத எஞ்சின், தனிமரமான திருகு வரிப் பீரங்கி, வெளிநாட்டை நம்பிய டெலிவரி.

ராஜஸ்தான் மணல்வெளிக்கு மார்க்-1ஏ தாராளமாக வாங்கலாம். அங்கே அகலமும் பாலமும் பெரிய தடையில்லை, வீரர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வண்டி நம் படையில் கிடையாது. மலைக்கும் குறுகிய பாலங்களுள்ள ஊர்களுக்கும் இது வேண்டாம். பழைய டாங்குகளுக்குப் பதிலாக வரப்போகும் அடுத்த தலைமுறைப் போர் ஊர்திக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. அதற்கு வடிவம் வரைபவர்கள் அம்சங்களின் பட்டியலை நீட்டுவதற்கு முன், எடைக்கு ஒரு உச்சவரம்பு எழுதிவிட்டுத் தொடங்கினால் போதும்.