பதினோரு அஞ்சலா, ஓர் அஞ்சலா?

நிரல் எழுதத் தெரியாதவரும் மின்னஞ்சல் அறிவிப்பைத் தானாகப் போகவைக்கலாம் என்று பணி மேலாண்மைக் கருவிகள் எல்லாமே இன்று சொல்கின்றன. ஆகவே வசதி இருக்கிறதா என்று கேட்பது திறனாய்வு ஆகாது. அஞ்சலைத் திறப்பவர் அந்த நேரத்துக்கு உண்மையான ஒன்றைப் படிக்கிறாரா, அதில் அவர் செய்யவேண்டிய வேலை ஏதும் இருக்கிறதா என்பதே என் அளவுகோல். இதைக் கொண்டு ட்ரெல்லோவின் பட்லர், ஸேப்பியர், ஜிரா ஆட்டோமேஷன் ஆகிய மூன்றையும் எடைபோடுகிறேன்.

சோதனைக்கு ஒரு மாத இதழின் ஆசிரியர் குழுவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கார்டு, ஒரு கெடு, ஒரு மெய்ப்புத் திருத்துநர். திங்கட்கிழமை காலை பதினோரு கட்டுரைகள் கெடு தாண்டிக் கிடக்கின்றன. யாருக்கு என்ன போகவேண்டும்?

பட்லரை ட்ரெல்லோவின் உரிமையாளரான அட்லாசியன் 2018 இறுதியில் வாங்கியது. அடுத்த ஆண்டே அது ட்ரெல்லோவுக்குள் சேர்ந்துவிட்டது. அதன் தலையாய சிறப்பு மொழி. 'கார்டின் கெடுவுக்கு ஒரு நாள் முன்பு, இந்த முகவரிக்கு, இந்தத் தலைப்பில் மின்னஞ்சல் அனுப்பு' என்ற பொருள்பட, கட்டம் கட்டமாகத் தேர்ந்தெடுத்தவை திரையில் ஓர் ஆங்கில வாக்கியமாக நிற்கின்றன. அந்த வாக்கியம்தான் விதி. அதற்குப் பின்னால் வேறெதுவும் ஒளிந்திருக்கவில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட அதைப் படித்துவிட்டு, 'ஒரு நாள் போதாது, மூன்று நாள் வேண்டும்' என்று வாதிடலாம். விதியைப் பற்றிக் குழுவே விவாதிக்க முடிவதை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

ஆனால் பட்லர் கார்டு கார்டாகத்தான் சிந்திக்கிறது. பதினோரு கார்டு என்றால் பதினோரு அஞ்சல். மூன்றாவது நாளே அவற்றைத் தனிக் கோப்புறைக்குத் தள்ளிவிடும் வடிகட்டியை யாராவது போட்டுவிடுவார்கள். அத்தோடு அறிவிப்பின் ஆயுள் முடிந்தது. இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 250 இயக்கங்கள்தான். தினம் பதினொன்று செலவானால் இருபத்து மூன்றாம் நாள் கணக்கு தீர்ந்துவிடும். தொகுத்து அனுப்ப ரிப்போர்ட்ஸ் என்ற தனிப் பகுதி இருக்கிறது, ஆனால் அது அச்சில் வார்த்த அறிக்கை. வாக்கியத்தில் கிடைத்த சுதந்திரம் அங்கே இல்லை. 'இல்லாவிட்டால்' என்ற கிளையும் விதிக்குள் கிடையாது. ஒரே எண்ணத்தை இரண்டு விதிகளாக எழுதவேண்டியிருக்கிறது. ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் இரண்டும் முரண்படும்.

ஸேப்பியர் பாலம் போடும் கருவி. தானாக அஞ்சல் அனுப்பத் தெரியாத மென்பொருளையும் ஜிமெயிலோடு இணைத்துவிடும். இலவசத் திட்டத்தில், விதியைத் தொடங்கிவைக்கும் அதன் பல ட்ரிகர்கள் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் எட்டிப்பார்க்கின்றன என்று குறை சொல்வோர் உண்டு. கெடு நினைவூட்டலுக்குப் பதினைந்து நிமிடம் ஒரு பொருட்டே அல்ல. உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. டைஜெஸ்ட் என்ற அங்கத்தைச் சேர்த்தால் பதினோரு செய்திகளையும் ஒரே அஞ்சலாக்கலாம், அதுவும் சொடுக்கிச் சொடுக்கியே. ஆனால் ஒவ்வொரு செய்தியும் வந்து சேர்ந்த நேரத்து நிலையிலேயே சேமிக்கப்படுகிறது. காலையில் 'தாமதம்' என்று சேர்ந்த கட்டுரை மதியம் முடிந்துவிட்டாலும் மாலை அஞ்சலில் 'தாமதம்' என்றே போகும். முடித்துக் கொடுத்தவரைக் குற்றவாளியாக்கும் அஞ்சல், அனுப்பாத அஞ்சலைவிடத் தீயது. ஜிமெயில் வழியாகப் போவதால் அது இணைத்தவரின் சொந்தப் பெயரிலேயே போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இயந்திரத்தின் பிழைக்குச் சக ஊழியர் பொறுப்பாகிறார்.

ஜிரா ஆட்டோமேஷனின் முறை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. குறித்த நேரத்தில் அது விழித்துத் தரவையே கேட்கிறது: இந்த நொடியில் கெடு தாண்டி, முடியாமல் இருப்பவை எவை? நிகழ்வுகளைச் சேர்த்துவைக்காமல் நிலையை விசாரிப்பதால் பழைய பொய் உள்ளே வர வழியில்லை. லுக்அப் என்ற செயல் நூறு உருப்படிகள் வரை பட்டியலாக எடுத்துத் தரும். பதினொன்றும் ஒரே அஞ்சலில் அடங்கிவிடும். ஒரு விதியின் செயல் இன்னொரு விதியைத் தூண்டுவதும் இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. தானியங்கி அஞ்சல்கள் ஒன்றுக்கொன்று பதில் எழுதிச் சுழலும் தொல்லைக்காக 2004-லேயே ஆர்.எஃப்.சி. 3834 என்ற இணையத் தொழில்நுட்பப் பரிந்துரை வந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த முன்னெச்சரிக்கையின் அருமை புரியும்.

இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமானது அதன் தணிக்கைப் பதிவு. ஒவ்வொரு இயக்கமும் வெற்றி, பிழை என்று பதிவாகிறது. 'எந்தச் செயலும் நிகழவில்லை' என்பதும் தனி முடிவாகப் பதிவாகிறது. அஞ்சல் வராத காலையில், தாமதமே இல்லாததால் வரவில்லையா, விதி உடைந்ததால் வரவில்லையா என்று தெரிந்துகொள்ள முடிகிறது.

ஆனால் 'நிரல் வேண்டாம்' என்ற வாக்குறுதி சரியாக இந்த உச்சத்தில்தான் உடைகிறது. அந்தப் பட்டியலை அஞ்சலுக்குள் கொண்டுவர இரட்டை நெளிவு அடைப்புக்குறிகளைத் திறந்து, பட்டியலின் பெயரை எழுதி, ஒவ்வொரு உருப்படியின் தலைப்பையும் கெடுவையும் குறித்து, மறுபடி மூடவேண்டும். இது சுழற்சி, நிரலாளர்கள் இதை வேறு பெயரிட்டு அழைக்கமாட்டார்கள். ஒரு குறியை விட்டால் அஞ்சல் வெறுமையாகப் போகும். ஆளுக்கு அவரவர் பட்டியல் மட்டும் போகவேண்டுமென்றால் ஆளுக்கொரு விதி எழுதுவதே எளிய வழி. ஏழு மெய்ப்புத் திருத்துநர்களுக்கு ஏழு விதிகள்.

முறையின் ஒழுங்கிலும் விளைவின் உண்மையிலும் ஜிராவுக்கே முதலிடம், ஆனால் நிரல் தேவையில்லை என்ற அதன் உரிமைகோரலை நான் ஏற்கவில்லை. அந்த உரிமைகோரலை நேர்மையாக நிறைவேற்றுவது பட்லர் மட்டுமே. ஒரே நாளில் ஐந்தாறு கார்டுகளுக்கு மேல் கெடு வராத சிறு குழுவுக்கு அதையே சிபாரிசு செய்வேன். ஸேப்பியரைக் கெடு நினைவூட்டலுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. 'புதிய கட்டுரை வந்தது' போன்று, நடந்ததை நடந்தவுடனே சொல்லிவிட்டு முடியும் அறிவிப்புகளுக்கு அது போதும்.