உழைப்பாளர் முகமும் கறுப்பு வெள்ளைப் படமும்: மண்டூரிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்த மண்டூர், நெல்வயலும் வாவி மீன்பிடியும் முருகன் கோயிலும் சேர்ந்து உருவாக்கிய ஊர். இவ்வூரவரான வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இப்பிரதேச மக்களின் பேச்சு வழக்கையும் நாட்டுக் கவிகளையும் ஆய்வுக்குரிய பொருளாக உயர்த்திற்று. உழைக்கும் மக்களின் குரல் இவ்வாறு எழுத்தில் இடம் பெற்றது. அவர்களது முகம் படத்தில் எவ்வாறு இடம் பெறுதல் வேண்டும் என்பது அதனைத் தொடர்ந்து எழும் வினாவாகும்.

கறுப்பு வெள்ளைப் படம் உண்மைக்கு அண்மையானது என்றொரு நம்பிக்கை உண்டு. நிறம் நீங்கியதும் முகத்துச் சுருக்கமும் கையின் காய்ப்பும் துலக்கமுறுகின்றன என்பது உண்மையே. ஆயின், நிறத்தோடு காலமும் நீங்கிவிடுதல் கூடும். கூலி எவ்வளவு, விளைச்சல் எத்தகையது, வயலுக்குரியவர் யார் என்பனவெல்லாம் மறைந்து, வறுமை என்றுமுள்ள இயற்கைக் காட்சி போலத் தோன்றும். எனவே, படமெடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையிலான உறவே மதிப்பீட்டின் அடிப்படையாதல் வேண்டும்.

இங்கிலாந்தில் டெனிசன், காலைல், ஹேர்ஷல் ஆகியோரைப் பெயர் சுட்டிப் படமெடுத்த யூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். அவர் இங்கு எடுத்த படங்களுள் ஒன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்பதாகும். கலைத்திறன் ஒன்றே; அறிஞருக்குப் பெயர் உண்டு, குடியானவருக்கு இல்லை. லயனல் வென்ட் (1900–1944) எடுத்த படங்களில் உழைப்பாளியின் உடல் போற்றப்படுகின்றது. எனினும், ஒளியும் நிழலும் கூடிய வடிவமாகவே அது பெரிதும் போற்றப்படுகின்றது, உழைப்பு பின்னணியாகிவிடுகின்றது.

அவ்வாறாயின் பெயரின்மையே குறை எனக் கொள்ளலாமோ? ஜெர்மனியரான அகஸ்ட் சாண்டர் 1929இல் வெளியிட்ட ‘காலத்தின் முகம்’ 60 உருவப்படங்களைக் கொண்டது. அங்கும் பெரும்பாலோர் தொழிலாலேயே சுட்டப்படுகின்றனர். ஆனால், செங்கல் சுமப்பவனுக்கு வழங்கிய அதே நேர்கொண்ட நிலையையே சாண்டர் தொழிலதிபருக்கும் வழங்கினார். படங்களை வரிசையாக நோக்குவோர் ஒரு சமுதாயத்தின் வர்க்க அமைப்பையே காண்கின்றனர். 1936இல் நாசி ஆட்சி அந்நூலின் அச்சுத் தகடுகளை அழித்தமை மனங்கொள்ளத்தக்கது.

மறுபுறம், பெயர் இருந்தால் மட்டும் போதுமோ? 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் வழிவந்த தேசிய அடையாள அட்டையில் முகம், பெயர், தொழில், முகவரி யாவும் இருந்தன. ஆவணப் படமொன்றின் குறிப்புக்கு வேண்டுவன அனைத்தும் அதில் உள. ஆயினும், அது ஆட்சி தன் தேவைக்கு எடுப்பித்த முகம். போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் நீட்டப்பட்ட முகம். பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அத்தகைய சிறு படங்களை வீதியில் உயர்த்திப் பிடித்தபோது, அதே முகம் ஆட்சியை வினாவும் முகமாயிற்று. படத்தின் பொருளை அது எவர் கையில் இருக்கின்றது என்பதும் தீர்மானிக்கின்றது.

இவ்வுண்மையை உணர்ந்த முயற்சிகள் தமிழகத்திலும் இந்தியாவிலும் உள. பி. சாயிநாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் எடுத்த, கிராமப் பெண்களின் உழைப்பைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படங்கள் பேருந்து நிலையங்களிலும் ஆலை வாயில்களிலும் வைக்கப்பட்டன. ‘கக்கூஸ்’ (2017) ஆவணத் திரைப்படத்தின் ஒளிப்பதிவாளரான மதுரை எம். பழனி குமார், தூய்மைப் பணியாளரை மட்டுமன்றி மீன் விற்கும் தம் தாயையும் படமாக்கினார். இங்கு படமெடுப்பவர் அவ்வாழ்வுக்குள்ளிருந்தே நோக்குகின்றார்.

‘படுவான்’ என்பது ஞாயிறு படும் திசையைக் குறிப்பது. அந்தி வானத்தின் எதிரே கருநிழலாகத் தெரியும் வாவி மீனவரின் படம் எவரையும் கவரும். ஆனால் கருநிழலுக்கு முகம் இல்லை. மண்டூரின் உழைப்பாளரைப் பதிவுசெய்ய விழைவோர் அவர்களை நேரே நோக்குதல் வேண்டும். அவர்கள் திருப்பி நோக்கவும் இடமளித்தல் வேண்டும். வயற்காரரைப் படமெடுப்பவர் போடியாரையும் அதே ஒளியில் எடுத்தாலன்றி வயலின் கதை முழுமையுறாது. பெயரை அவரவர் விருப்பப்படி பொறித்து, படத்தை முதலில் அவ்வூரிலேயே காட்டுதலும் வேண்டும். இவை கலைக்குப் புறம்பான கட்டுப்பாடுகள் அல்ல. உழைப்பாளர் முகத்தைப் படமாக்கும் கலை நிலைபெறுவதற்குரிய அடிப்படைகளாகும்.