தாய் விட்டுவிட்ட கேள்விக்குறி

ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவன், 1918 நவம்பர் 4இல், பிரான்ஸின் ஓர்ஸ் கிராமத்துக் கால்வாயருகே போரில் கொல்லப்பட்டார். வயது 25. போர் ஓய்ந்த 11ஆம் திகதியன்றுதான் தந்தி வீட்டுக்கு வந்தது.

இறந்த உடல்கள் மீண்டும் உயிர் பெறுமா, மரணமே இல்லாமற் போகுமா என இரு கேள்விகள் அவரது ‘முடிவு’ என்ற கவிதையில் வருகின்றன. முதுமையும் பூமியும் இல்லையென்றே விடை சொல்கின்றன. தாயார் சூசன் கல்லறைக்குத் தெரிவுசெய்தது அந்தக் கேள்விகளைத்தான். ஆனால் இரண்டாவதைப் பாதியில் நிறுத்தி, கேள்விக்குறியை விட்டுவிட்டார். இப்போது கல்லில் அது முதற்கேள்விக்கு விடையாக நிற்கிறது.

பிரதியாகப் பார்த்தால் இது திரிபுதான். ஆனா பெத்த உம்மா ஒருத்தி மறுமையில மகனைக் காண ஆசைப்பட்டதைப் பிழையெண்டு சொல்ல எனக்கு மனம் வரல்ல. ஓவனை அறிய விரும்புவோர் கல்லோடு நின்றுவிடாமல் கவிதையை முழுதாக வாசிக்க வேணும்.