ஒன்றையொன்று நம்பாத நிரல்கள்: போஸ்ட்ஃபிக்ஸின் கட்டமைப்பழகு

மின்னஞ்சலுக்கென்றே ஒதுக்கப்பட்ட யூனிக்ஸ் சேவையகத்தில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுள், கட்டமைப்பின் அழகுக்காகவே படித்துச் சுவைக்கத்தக்கது போஸ்ட்ஃபிக்ஸ். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் தாமஸ் ஜே. வாட்சன் ஆய்வு மையத்துக்கு வந்த வீட்சே வெனமா எழுதிய இந்நிரல், 1998 டிசம்பரில் 'ஐபிஎம் செக்யூர் மெயிலர்' என்னும் பெயருடன் வெளியாயிற்று. நேரும் பிழை எதுவாயினும் அது ஓரிடத்தைத் தாண்டிப் பரவக்கூடாது என்ற எண்ணமே இதன் ஒவ்வொரு பகுதிக்கும் வடிவம் தந்திருக்கிறது.

இதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது, பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில். ஒவ்வொரு வலையமைப்பும் தனக்கென ஒரு முகவரி மரபை வைத்திருந்த காலத்தில், ஒன்றின் முகவரியை மற்றொன்றுக்கு ஏற்ப மாற்றித் தந்த அதன் ஆற்றல் வியப்புக்குரியது. அதைக் குறைத்து மதிப்பது நியாயமாகாது. ஆயினும், வெளியிலிருந்து வரும் அஞ்சலை வாங்குவது, முகவரியைத் திருத்துவது, வரிசையில் வைப்பது, பெறுநரிடம் சேர்ப்பது ஆகிய அனைத்தையும் ஒரே பெரிய நிரல், கணினியின் முழு அதிகாரமும் கொண்ட 'ரூட்' பயனராக இயங்கிச் செய்துவந்ததால், எங்கேனும் ஒரு விரிசல் விழுந்தால் முழுக் கணினியும் அந்நியர் கைக்குப் போகும் நிலை இருந்தது. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மாரிஸ் புழு உள்ளே நுழையப் பயன்படுத்திய வழிகளுள் ஒன்று சென்ட்மெயிலின் பிழைதிருத்த வசதிதான்.

வெனமா இப்பணியைப் பல சிறு நிரல்களாகப் பிரித்தார். வெளியுலகுடன் பேசுவது எஸ்எம்டிபிடி. வந்த கடிதத்தைச் சீராக்கிக் கோப்பாக எழுதுவது க்ளீனப். எதை எப்போது அனுப்புவதென்று முடிவெடுப்பது க்யூமேனேஜர். உள்ளூர்ப் பயனரிடம் சேர்ப்பது லோக்கல். இவை அனைத்தையும் தேவைக்கேற்ப எழுப்புவது மாஸ்டர். அந்நியருடன் நேரடியாகப் பேசும் எஸ்எம்டிபிடிக்கு ரூட் அதிகாரம் கிடையாது. விரும்பினால் அதை வரிசை அடைவுக்கு வெளியே எதுவும் தெரியாதபடி அடைத்தும் வைக்கலாம். பயனரின் பெட்டிக்குள் எழுதுவதற்காக உயர் அதிகாரம் வேண்டியிருக்கும் லோக்கலோ வலையமைப்புடன் பேசுவதே இல்லை. ஒரு நிரல் தருவதை மற்றொன்று அப்படியே நம்பாமல் சரிபார்த்தே ஏற்கிறது. போதாததற்கு, இத்தகைய செயல்முறைகளுள் பெரும்பாலானவை இயல்பமைப்பில் 100 வேலைகளை முடித்ததும் ஓய்வுபெற, புதியது வந்து அமர்கிறது. நினைவகத்தில் சிறு கசிவு இருந்தாலும் அது பெருகுவதற்குள் அச்செயல்முறையே முடிந்துவிடுகிறது.

இக்கட்டமைப்பின் உச்சம் ஒரு கடிதத்தை ஏற்றுக்கொள்ளும் கணத்தில் இருக்கிறது. 1982இல் ஜான் போஸ்டல் வரையறுத்த எஸ்எம்டிபி நெறிமுறையின்படி, அனுப்பும் கணினி கடிதத்தின் உடலை அனுப்பி முடித்தபின் ஒற்றைப் புள்ளி மட்டும் கொண்ட ஒரு வரியை அனுப்பும். பெறும் கணினி '250' என்று விடையளித்தால், அக்கடிதத்தைச் சேர்க்கும் பொறுப்பு அக்கணத்தோடு கைமாறிவிடும். பதிவுத் தபாலுக்கு ஒப்புகைச் சீட்டில் இடும் கையெழுத்தைப் போன்றது இது. கையெழுத்திடுமுன் போஸ்ட்ஃபிக்ஸ் செய்வதை உற்றுப் பார்க்க வேண்டும். எழுதப்படும்போது வரிசைக் கோப்பின் அனுமதி 600 என்றே இருக்கும். அந்நிலையிலுள்ள கோப்பை க்யூமேனேஜர் தொடாது. கடைசி எழுத்தும் எழுதப்பட்ட பின்னரே அனுமதி 700 ஆக மாறுகிறது. நிரல்களை இயக்குவதற்கென யூனிக்ஸ் வைத்திருக்கும் இயக்க அனுமதியை, 'இது முழுமையான கடிதம்' என்பதற்கான அடையாளமாக வெனமா எடுத்தாண்டிருப்பது தேர்ந்த கைவினைஞரின் சிக்கனம். அதன்பின், தரவு நினைவகத்தில் தங்கிவிடாமல் வட்டுக்குப் போய்ச் சேர்வதற்கான எஃப்சிங்க் அழைப்பு. அதுவும் வெற்றி பெற்ற பிறகே 250. அதற்கு முன் மின்சாரம் நின்றால் கடிதம் அனுப்பியவரிடமே இருக்கிறது. பின் நின்றால் வட்டில் இருக்கிறது. விடை போய்ச் சேருமுன் இணைப்பு அறுந்தால் மட்டும் அனுப்பியவர் மீண்டும் அனுப்ப, கடிதம் இருமுறை வரக்கூடும். ஒன்றும் வராமற் போவதைவிட இரண்டு வருவது மேல் என்னும் இந்தத் தெரிவு முற்றிலும் சரியானது.

சேர்க்க முடியாத கடிதங்கள் 'டிஃபர்ட்' என்னும் அடைவில் காத்திருக்கும். மறுமுயற்சிக்கான இடைவெளி 300 விநாடியில் தொடங்கி, கடிதத்தின் வயதுக்கேற்ப நீண்டு, 4000 விநாடியைத் தாண்டாமல் நிற்கும். ஐந்து நாள் ஆகியும் சேராவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பும். ஒரே இடத்துக்குப் பல கடிதங்கள் இருந்தால் முதலில் ஐந்து இணைப்புகள் வரையே திறந்து, எதிர்ப்பக்கம் தாங்குவதைப் பார்த்தபின் படிப்படியாக இருபது வரை செல்லும். தன் வேகத்தைப் பிறரின் தாங்குதிறனுக்கேற்ப அளந்துகொள்ளும் பண்பு இது.

டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய க்யூமெயில், சிறு நிரல்களாகப் பிரிக்கும் இதே வழியில் போஸ்ட்ஃபிக்ஸுக்கு முன்பே நடந்தது. டிஎம்பி, நியூ, கர் என மூன்று அடைவுகளைக் கொண்டு, பூட்டு எதுவும் இன்றிக் கடிதங்களைச் சேமிக்கும் அவருடைய 'மெயில்டிர்' அமைப்பு இன்றும் டவ்காட் போன்ற அஞ்சற்பெட்டிச் சேவையகங்களில் வாழ்கிறது. ஆனால் க்யூமெயில் தன் ஒழுங்குக்கு நிர்வாகியை வளையச் சொன்னது. போஸ்ட்ஃபிக்ஸோ சென்ட்மெயில், மெயில்க்யூ என்னும் பழைய கட்டளைப் பெயர்களையே வைத்துக்கொண்டு, பழைய நிரல்கள் எதையும் திருத்தாமலே அந்த இடத்தில் அமர்ந்தது. இந்த இணக்கத்துக்காகவே அதைச் சற்று உயர்வாக வைக்கத் தோன்றுகிறது.

நிர்வாகிக்கு அது தரும் பெருங்கொடை அதன் பதிவேடு. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அதைக் கொண்டு தேடினால் வரவு முதல் நீக்கம் வரை எல்லா வரிகளும் கிடைக்கும். சேர்ப்பைக் குறிக்கும் வரியில் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள் வரும்: க்யூமேனேஜரை அடையும்வரை ஆன நேரம், அதனிடம் காத்திருந்த நேரம், எதிர்க் கணினியுடன் இணைப்பு ஏற்பட ஆன நேரம், கடிதத்தை அனுப்ப ஆன நேரம். கடிதம் தாமதமாயிற்று என்று முறையீடு வரும்போது, இரண்டாம் எண் பெரிதாயிருந்தால் தன் கணினியின் நெரிசலையும், மூன்றாம் எண் பெரிதாயிருந்தால் பெயர்த் தேடலையும் எதிர்ப்பக்கத்தையும் நிர்வாகி முதலில் பார்க்கலாம்.